அஸ்பராகஸ் ஃபெர்ன் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொக்கே கடையில் ரோஜாவுக்குப் பின்னால் செருகும் மெல்லிய பச்சை இறகைப் பார்த்திருப்பீர்கள். பழைய வீட்டு வராந்தாக்களில் தொங்கும் தொட்டியிலிருந்து வழிகிற ஊசி இலைக் கொத்தையும் பார்த்திருப்பீர்கள். இரண்டும் அஸ்பராகஸ் வகைச் செடிகள். சென்னையில் முதல் மாடி பால்கனி ஒன்றில் 11 வருடமாக இவற்றை வளர்க்கிறேன். பிரித்துக் கொடுத்த செடிகள் சொந்தக்காரர்கள் வீடு, அலுவலக நண்பர்கள் வீடு என்று பரவிவிட்டதால் கேள்விகள் போனில் வந்தபடியே இருக்கும். திரும்பத் திரும்ப வருபவற்றைப் பதிலோடு எழுதி வைத்துவிட்டேன்.

பெயரிலேயே ஃபெர்ன் இருக்கிறதே, இது பெரணிதானே?

இல்லை. இதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் சுலபம். பெரணி (ஈழத்தில் பன்னம் என்பார்கள்) பூக்காது, காய்க்காது. இலையின் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும் பைகளில் இருக்கும் வித்துத்தூளால் பெருகும். அஸ்பராகஸ் பூக்கும், பழுக்கும், விதை போடும். குடும்பம் என்று பார்த்தால் மாலை கட்டும் நிலச்சம்பங்கியும், வரவேற்பறைகளில் விறைத்து நிற்கும் பாம்புச் செடியும்தான் இதன் பங்காளிகள்.

இலை என்று நாம் நினைப்பதும் இலை இல்லை. தண்டுதான் ஊசியாக மெலிந்து, பச்சை பிடித்து, இலையின் வேலையைப் பார்க்கிறது. உண்மையான இலை காய்ந்த செதிலாகத் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். சில இடங்களில் முள்ளாக மாறியிருக்கும். இலையைச் சுருக்கிக்கொண்ட செடி எதற்காக அப்படிச் செய்திருக்கும் என்று யோசியுங்கள். வறட்சியைத் தாங்கத்தான். இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தெற்கு, கிழக்குப் பகுதிகள். மண்ணுக்குள் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் கிழங்குகள் வேறு உண்டு. பெரணிக்கு எப்போதும் ஈரம் வேண்டும். இதைப் பெரணி என்று நம்பி ஈரத்திலேயே வைத்திருப்பவர்கள்தான் எனக்கு அதிகம் போன் செய்கிறார்கள்.

நர்சரியில் இரண்டு மூன்று விதமாக வைத்திருக்கிறார்கள். எது எது?

பெரும்பாலும் மூன்று.

முதலாவது, பொக்கேயில் வரும் இறகு. புளூமோசஸ் என்பார்கள், தாவரவியலில் இப்போதைய பெயர் அஸ்பராகஸ் செட்டேசியஸ். முடி போன்ற நுண்ணிய ஊசிகள், கிளைகள் தட்டுத் தட்டாகக் கிடைமட்டத்தில் விரியும். பார்க்க அவ்வளவு நளினம். இரண்டு மூன்று வருடம் அடக்கமாக இருந்துவிட்டு, ஒரு நாள் கம்பி மாதிரி நீளமான தண்டு ஒன்றை விட்டு ஜன்னல் கிரில்லைப் பிடித்து ஏறும். பயப்பட வேண்டாம், அது கொடிதான். ஏற விடலாம், பிடிக்காவிட்டால் அடியோடு வெட்டிவிடலாம்.

இரண்டாவது ஸ்ப்ரெங்கெரி. ஊசிகள் கொஞ்சம் தட்டையாக, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருக்கும். தண்டுகள் வளைந்து தொட்டிக்கு வெளியே ஒரு மீட்டர் வரை தொங்கும். இத்தாலியின் நேப்பிள்ஸில் வாழ்ந்த கார்ல் லூட்விக் ஸ்ப்ரெங்கர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரின் பெயர் இதற்கு வந்தது. ஆரம்பிப்பவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான். முரட்டுச் செடி, சில தப்புகளை மன்னிக்கும்.

மூன்றாவது ஃபாக்ஸ்டெயில், அதாவது நரிவால். மையர்ஸி என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு தண்டும் அடர்ந்த வால் போல 50, 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். விலை கூடுதல், வளர்ச்சி மெது. ஆனால் மூன்றிலும் அழகு இதுதான் என்பது என் கட்சி.

நம்ம ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் ஒரே பேரினம். சித்த வைத்தியத்தில் சொல்லும் தண்ணீர்விட்டான், அதாவது சதாவரி, அஸ்பராகஸ் ரசிமோசஸ். நம் குறுங்காடுகளில் புதர்களில் ஏறிக் கிடக்கும் முள் கொடி. அதைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விரல் விரலாக, நீர் கோத்த கிழங்குகள் கொத்தாக வரும். ஸ்ப்ரெங்கெரியையும் நரிவாலையும் தொட்டியிலிருந்து கவிழ்த்தாலும் வேரோடு இதே மாதிரி வெளிறிய முண்டுகள் தெரியும், அளவில் சிறியதாக. என் மாமியார் முதன்முதலில் நான் தொட்டி மாற்றும்போது பார்த்துவிட்டு, "இது தண்ணீர்விட்டான் ஆச்சே, இதைப் போய்க் காசு கொடுத்தா வாங்கினே?" என்றார். பெயர் சொல்லாமலே இனத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

உறவு என்பதற்காக அலங்காரச் செடியின் கிழங்கை மருந்தாகவோ பாலில் காய்ச்சவோ எடுக்காதீர்கள். சூப்பில் போடும் அஸ்பராகஸ் தண்டும் வேறு இனம். வீட்டுச் செடியின் குருத்து அச்சு அசல் அதன் குட்டி மாதிரியே முளைக்கும், ஆனால் சமைக்க அல்ல.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாகச் சொதசொதவென்று இருந்தால் வேறு தொட்டி கேளுங்கள். செடியின் நடுவில், மண்ணை ஒட்டி, புதுக் குருத்து ஒன்றாவது வெளிர்பச்சையாகக் கூர்மையாக எட்டிப் பார்க்க வேண்டும். கிளையை ஒரு தட்டுத் தட்டினால் ஊசிகள் மழையாகக் கொட்டக் கூடாது. தண்டின் கணுக்களில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி, வேண்டாம். அவ்வளவுதான்.

வீட்டுக்குள் எங்கே வைப்பது?

பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடம். கிழக்கு ஜன்னல் கிடைத்தால் யோகம். காலை 9 மணி வரை வரும் வெயில் எதுவும் செய்யாது. மேற்குப் பார்த்த பால்கனி என்றால் பிற்பகல் வெயில் ஊசிகளைத் தீய்த்து வெளிறச் செய்துவிடும். அங்கே பச்சை நிழல்வலை, 50 சதவீத நிழல் தருவது, கட்டிவிடுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னலிலும் வளரும், கொஞ்சம் நிதானமாக.

டிவி அலமாரி மேல், குளியலறை மூலை, மாடிப்படி அடி: இந்த மூன்று இடத்தில் வைத்துவிட்டு ஏன் வாடுகிறது என்று கேட்பவர்கள் அதிகம். வெளிச்சம் போதவில்லை, அதனால்தான். அங்கேதான் வைத்தாக வேண்டும் என்றால் இரண்டு தொட்டி வளர்த்து வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வையுங்கள்.

ஏசிக் காற்று நேராகப் படக் கூடாது. வெப்பநிலை 15 முதல் 28 டிகிரி வரை இதற்குச் சுகம். சென்னை மே மாதத்தையும் நிழலில் இருந்தால் தாண்டிவிடுகிறது, ஆனால் அப்போது புதுக் குருத்து எதிர்பார்க்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் பனி இரவுகளில் உள்ளே எடுத்து வைத்தால் போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது?

நாள் கணக்குச் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். அந்த ஆழத்தில் காய்ந்திருந்தால், தொட்டியின் அடி ஓட்டையில் வழியும் வரை நிறைவாக ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். இவ்வளவுதான் விதி.

இதை நான் கற்றது ஒரு செடியைக் கொன்ற பிறகு. முதல் ஸ்ப்ரெங்கெரியை வாங்கியபோது கடைக்காரர், "ஃபெர்ன் சார், தினம் ரெண்டு வேளை ஊத்துங்க" என்று சொல்லி அனுப்பினார். அப்படியே செய்தேன். மூன்றாம் வாரம் மஞ்சள் பூத்தது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று மூன்று வேளையாக்கினேன். ஐந்தாம் வாரம் இழுத்துப் பார்த்தால் தண்டு கையோடு வந்துவிட்டது. கிழங்குகள் அழுகி, நசுக்கினால் கூழாக, சாக்கடை வாசம். திறந்தவெளி நர்சரியில், வெயிலும் காற்றும் அடிக்கிற இடத்தில், சின்னக் கறுப்புப் பையில் இருக்கும் செடிக்கு அந்த இரண்டு வேளை சரியாகக்கூட இருந்திருக்கலாம். என் வீட்டு ஹாலுக்கு அது பொருந்தாது. யாரைக் குறை சொல்வது?

ஒரு வழிகாட்டலுக்காகச் சொல்கிறேன். என் பால்கனியில், 8 அங்குலத் தொட்டியில், கத்திரி வெயில் காலத்தில் ஒன்று விட்டு ஒரு நாள் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆடி, ஆவணியில் மூன்று நாளுக்கு ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாது. மழை நேரடியாகத் தொட்டியில் இறங்காமல் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுவேன். மார்கழியில் வாரம் ஒருமுறை. உங்கள் கணக்கு வேறாக இருக்கும், விரல்தான் அளவுகோல்.

அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். வேர் அழுகல் ஒரு பக்கம், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் என்பது இன்னொரு பக்கம்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் ஊற்றலாமா? போர் தண்ணீர்?

ஆர்.ஓ. கழிவு வேண்டவே வேண்டாம். குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. பாத்திரம் தேய்க்க, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீர் வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறதா? அப்படியென்றால் ஊசி நுனிகள் பழுப்பாகும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறும். வேறு வழியில்லை என்றால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி உப்பை அலசி வெளியேற்றுங்கள். மழைநாளில் ஒரு டிரம்மில் பிடித்து, மூடி போட்டு வைத்தால் சில வாரங்களுக்கு ஆகும். செடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை.

இலை மஞ்சளாகி ஊசி ஊசியாகக் கொட்டுகிறது. என்ன செய்ய?

எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இதுதான். சிக்கல் என்னவென்றால் தண்ணீர் கூடினாலும் மஞ்சள், குறைந்தாலும் மஞ்சள், வெளிச்சம் குறைந்தாலும் மஞ்சள், வெயில் கூடினாலும் மஞ்சள். காய்ச்சல் மாதிரி, காரணம் வேறு எங்கோ இருக்கும். அதனால் நான் எப்போதும் மூன்று கேள்வி திருப்பிக் கேட்பேன்.

மண் எப்படி இருக்கிறது? ஈரமாக, ஒரு மாதிரி வாடை அடித்தால் தண்ணீர் அதிகம். செடியை வெளியே எடுத்து, அழுகிய கிழங்கையும் வேரையும் வெட்டி எறிந்து, புதுக் கலவையில் வைத்து, நான்கைந்து நாள் கழித்துத்தான் தண்ணீர். மண் தொட்டி ஓரத்தை விட்டுச் சுருங்கி, கல் மாதிரி இறுகியிருந்தால் தண்ணீர் போதவில்லை. மேலே ஊற்றினால் ஓரமாக ஓடி அடியில் வழிந்துவிடும், நடுவில் நனையாது. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் 20 நிமிடம் உட்கார வைத்து எடுங்கள்.

மஞ்சள் எந்தப் பக்கம்? ஜன்னலைப் பார்த்த பக்கம் மட்டும் வெளிறினால் வெயில். சுவரைப் பார்த்த பக்கமும் உட்பகுதியும் மஞ்சளாகி உதிர்ந்தால் வெளிச்சக் குறைவு.

சமீபத்தில் இடம் மாறியதா? நர்சரியிலிருந்து வந்த முதல் மாதம் கொஞ்சம் கொட்டத்தான் செய்யும். புது வீட்டுக்குப் பழகுகிறது. அந்த நேரத்தில் உரம், தொட்டி மாற்றம் எதுவும் வேண்டாம், சும்மா விடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டமான வைத்தியம்.

மற்றபடி ஒன்றிரண்டு பழைய தண்டுகள் வயதாகி மஞ்சளாவது இயல்பு. அடியோடு வெட்டிவிடுங்கள். மஞ்சளான ஊசி திரும்பப் பச்சையாகாது.

தினமும் ஸ்ப்ரே செய்ய வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஏசி அறையில் இருந்தால், கோடையில் வாரம் இரண்டு முறை காலையில் தெளித்தால் புழுதியும் போகும், செம்பேனும் அண்டாது. மாலையில் தெளித்து இரவு முழுவதும் ஈரமாக விடாதீர்கள்.

மண் கலவை என்ன விகிதம்?

நான் போடுவது: செம்மண் 2 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, ஆற்று மணல் அல்லது பெர்லைட் (லேசான வெள்ளைக் குருணை) 1 பங்கு. இப்போது ஆற்று மணல் விற்கிற விலைக்குச் சலித்த எம்-சாண்டின் பருமனான பகுதியைக் கழுவிப் போடுகிறேன், நன்றாகவே இருக்கிறது. தண்ணீர் ஊற்றியவுடன் ஒரு நிமிடத்துக்குள் அடியில் வழிய வேண்டும், அதுதான் சோதனை.

நார்க்கழிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பொள்ளாச்சிப் பக்கம் ஏராளமாகத் தயாராவதால் நமக்கு மலிவாகக் கிடைக்கிறது. கட்டியாக வரும் மலிவுச் சரக்கில் உப்பு இருக்கலாம். ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அளவையும் கூட்டிவிடாதீர்கள். மேலே காய்ந்தது போலக் காட்டி உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது அதன் குணம், இந்தச் செடிக்கு அது ஆகாது.

எவ்வளவு பெரிய தொட்டி? எப்போது மாற்ற வேண்டும்?

வேர்க்கட்டியைவிட ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் பெரியதாக இருந்தால் போதும். "வளரத்தானே போகிறது" என்று சின்னச் செடியை அண்டா மாதிரித் தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். கொஞ்சம் நெருக்கடியில் இருப்பது இதற்குப் பிடிக்கும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். கிழங்குகள் பெருத்துச் செடியையே மேலே தூக்கிவிடும். மண் மட்டம் விளிம்புக்கு மேல் வந்துவிட்டதா பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டி பிதுங்கும். என்னிடம் ஒரு மண் தொட்டி நெட்டுக்கு விரிசல் விட்டே போயிற்று, இரவு இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டுத் திருடன் என்று எழுந்தோம்.

மண் தொட்டி, பிளாஸ்டிக் இரண்டில் எது என்றால், கை தாராளமாகத் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு மண் தொட்டி. அது ஈரத்தை வெளியே விடும். மறதிக்காரர்களுக்கு பிளாஸ்டிக்.

உரம்?

ஒரு கைப்பிடி மண்புழு உரம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இன்னும் வேகம் வேண்டும் என்றால் 19:19:19 கரையும் உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 1 கிராம் கலந்து மாதம் ஒருமுறை, ஈரமான மண்ணில். மே மாதத்திலும் அடைமழையிலும் நிறுத்திவிடுங்கள். பஞ்சகவ்யமும் நல்லதுதான், லிட்டருக்கு 30 மில்லி. ஆனால் ஹாலில் இருக்கும் தொட்டிக்கு அதை ஊற்றிவிட்டு விருந்தாளியைக் கூப்பிடாதீர்கள்.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு போடலாமா?

அரிசி கழுவிய தண்ணீர், அன்றைக்கே எடுத்ததை, வாரம் ஒருமுறை ஊற்றலாம். கெடுதல் இல்லை. பால், சர்க்கரை சேர்த்துக் கொதித்த டீத்தூள் எறும்பையும் பூஞ்சணத்தையும்தான் கொண்டுவரும். கழுவிக் காயவைத்து மக்கும் தொட்டியில் போடுங்கள். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். சும்மா மேலே கிடக்கும்.

கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்குமா?

பிடிக்காது. பொக்கேயிலிருந்து எடுத்த கிளையைத் தண்ணீரில் வைத்தால் வாரக்கணக்கில் பச்சையாக இருந்து ஆசை காட்டும், வேர் மட்டும் விடாது. தனிக் கிழங்கை நட்டாலும் முளைக்காது. உருளைக்கிழங்கு மாதிரி இதில் கண் கிடையாது. வெறும் தண்ணீர்ச் சேமிப்பு. குருத்து வருவது தண்டும் வேரும் சேரும் அடிக்கட்டையிலிருந்து.

ஆகவே அடிக்கட்டையைப் பிரிப்பதுதான் வழி. ஆடி, ஆவணியில் நான் செய்வேன். வெயில் தணிந்திருக்கும், அடைமழைக்கு முன்பு வேர் பிடித்துவிடும். முந்தைய நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு, செடியைக் கவிழ்த்து எடுத்து, கையால் பிரிய மறுத்தால் (மறுக்கும்) பழைய ரம்பக் கத்தியால் அறுங்கள். ஒவ்வொரு பங்கிலும் நான்கைந்து தண்டும் சில கிழங்குகளும் இருக்க வேண்டும். முழங்கை வரை துணியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், முள் கொக்கி மாதிரி கிழிக்கும். நட்ட பிறகு மூன்று வாரம் நிழல். நீளத் தண்டுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டால் அதிர்ச்சி குறையும்.

விதையிலும் வளர்க்கலாம். நன்றாகப் பழுத்ததைப் பிசைந்து, சதையைக் கழுவி, 24 மணி நேரம் ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். முளைக்க ஒரு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். செடி என்று சொல்லும்படி ஆக ஒரு வருடம். பொறுமைசாலிகளுக்கு.

நுனியைக் கிள்ளிவிட்டால் புதராக வருமா?

வராது. நுனி வெட்டிய தண்டு அதோடு நின்றுவிடும், மொட்டையாகத் தெரியும். வெட்டினால் மண் மட்டத்தில் வெட்டுங்கள். புதுத் தண்டு அடியிலிருந்து வரும். நரிவாலை நுனியில் வெட்டுவது ஒரு பாவம், அவ்வளவு சொல்வேன்.

என்ன பூச்சி வரும்?

மாவுப்பூச்சி முதலில். கணுவில் வெள்ளைப் பஞ்சு, கூடவே எறும்பு வரிசை. குறைவாக இருந்தால் பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். அதிகமானால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில், வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். முதலில் ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள், இந்த மெல்லிய ஊசிகள் சில நேரம் எண்ணெய்க்குக் கருகும்.

கோடையில் செம்பேன். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பச்சை மங்கி, சாம்பல் படிந்தது போல ஆகும். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள்; விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். செடியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஷவரில் நன்றாக அலசுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். பூச்சிமருந்தைவிட இது எனக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது.

சிவப்பாகப் பழம் பிடித்திருக்கிறது. குழந்தை வாயில் போட்டால்? பூனை கடித்தால்?

பிடித்திருக்கிறது என்றால் செடி சௌகரியமாக இருக்கிறது என்று அர்த்தம். முன்னதாகச் சின்ன வெள்ளைப் பூ வந்திருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள். ஸ்ப்ரெங்கெரியில் பழம் நல்ல சிவப்பு, மணத்தக்காளி அளவு. அதுதான் வம்பு, குழந்தையின் கை நேராக அங்கேதான் போகும். சாப்பிட்டால் வயிற்று வலி, வாந்தி, பேதி வரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் காயிலேயே பறித்துப் போட்டுவிடுங்கள், அல்லது உயரத்தில் தொங்க விடுங்கள். விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

நாய், பூனைக்கும் ஆகாது. அமெரிக்காவின் விலங்கு நல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ. வெளியிடும் நச்சுச் செடிப் பட்டியலில் இது இருக்கிறது. பழம் தின்றால் வயிற்றுக் கோளாறு. அடிக்கடி உரசினால் தோலில் அரிப்பு. தொங்கும் ஊசிகளோடு விளையாடுவது பூனைக்குப் பிறவிக் குணம் என்பதால், பூனை வீட்டுக்காரர்களுக்கு நான் உண்மையான பெரணியான பாஸ்டன் ஃபெர்னைத்தான் சொல்வேன். அதற்கு நஞ்சு கிடையாது. ஆனால் அதற்குத் தண்ணீர்க் கணக்கு வேறு, இந்தப் பக்கத்தில் சொன்னது எதுவும் செல்லாது.

மனிதர்களிலும் சிலருக்கு வெட்டும்போது கையில் தடிப்பு வரும். கையுறை.

முள் செடி வீட்டுக்குள் ஆகாது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். முள் இருப்பது உண்மை, அதனால் நடைபாதையில் வைக்காதீர்கள், வேட்டியும் துப்பட்டாவும் மாட்டும். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த கெடுதல் இல்லை. வாசலில் ரோஜாத் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்துவிடுகிறேன்.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

விளம்பரத்தில் சொல்கிற அளவுக்குச் செய்யாது. 2009இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒரு குழு 28 வீட்டுச் செடிகளைச் சோதித்தது. காற்றிலுள்ள கரிமச் சேர்மங்களை நன்றாக இழுத்தவற்றில் அஸ்பராகஸ் டென்சிஃப்ளோரஸும் (நம் நரிவால் சேர்ந்த இனம்) ஒன்று. விற்பவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் அந்தச் சோதனை நடந்தது காற்றுப் புகாத சின்னக் கண்ணாடிக் கலனில். வீட்டில் ஜன்னல் உண்டு, கதவு உண்டு. 2019இல் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பல ஆய்வுகளை மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று வந்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். செடியை அழகுக்கு வையுங்கள்.

தோட்டத்தில் தரையில் நடலாமா?

நன்றாக வரும், அளவுக்கு மீறி நன்றாக. பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கெங்கோ போடும். ஆஸ்திரேலியாவில் அலங்காரத்துக்குக் கொண்டுபோன அஸ்பராகஸ் இனங்கள் கடலோரப் புதர்க்காடுகளில் புகுந்து, இப்போது அந்நாட்டின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகள் பட்டியலில் இருக்கின்றன. புளோரிடாவிலும் இதே தலைவலி. மேலே வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து திரும்ப முளைப்பதால் ஒழிப்பது கடினம். காட்டை ஒட்டி, குறிப்பாக மலைப் பகுதியில் வீடு உள்ளவர்கள் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; பழத்தைப் பறித்துவிடுங்கள். பிரிக்கும்போது மிஞ்சும் கட்டைகளை ஓடைக்கரையில் வீசாதீர்கள்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம், என்ன செய்வது?

கிளம்பும் அன்று நிறைவாக ஊற்றி, ஜன்னலிலிருந்து மூன்று நான்கடி உள்ளே நகர்த்திவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, "தண்ணி ஊத்திக்கோங்க" என்று சொல்லாதீர்கள். அவர்கள் பொறுப்பாகத் தினமும் ஊற்றிவிடுவார்கள்.

ஒரு மாதம் கவனிக்கவில்லை, முழுவதும் காய்ந்து குச்சியாகிவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். காய்ந்த தண்டுகளையெல்லாம் மண்ணிலிருந்து ஒரு அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். ஓரத்தில் மண்ணைத் தோண்டி ஒரு கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை, நசுக்கினால் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கலாம். உள்ளே வெற்றுத் தோலாகவோ பழுப்புக் கூழாகவோ இருந்தால் முடிந்தது.

இருக்கிறது என்றால் தொட்டியை வாளித் தண்ணீரில் ஒருமுறை ஊறவைத்து எடுத்து, வெளிச்சமான நிழலில் வைத்துவிட்டு, மேல் மண் காயக் காய மட்டும் கொஞ்சம் தண்ணீர். உரம் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சொந்த ஊரில் மாட்டிக்கொண்டு, அப்புறம் இங்கே வீட்டு வேலை, அலைச்சல் என்று, ஷெல்ஃபின் மூலையில் இருந்த என் நரிவாலைப் பொங்கல் தாண்டித்தான் திரும்பிப் பார்த்தேன். ஒரு ஊசி மிச்சமில்லை. மேலே சொன்ன மாதிரி செய்துவிட்டு, நம்பிக்கை இல்லாமல், கொடிக்கம்பிக்குக் கீழே தள்ளி வைத்தேன். மாசி கடைசியில் துணி எடுக்கப் போன மனைவிதான் பார்த்தாள்: நடுவில், பென்சில் முனை அளவுக்கு, ஒரு வெளிர்பச்சைக் குருத்து.